சிவப்புப் படம் போதும், அடியைப் படமெடுத்து அனுப்பு

கோண்டாவில்
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றுக் கடைசிப் புரட்டாதிச் சனி. அம்மா கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரும்வரை நான் விறாந்தையில் இருந்து கனடாவில், கல்கரியில் நீ வாங்கப்போகிற புதுவண்டிக்காக அனுப்பிய மூன்று விலைப்பட்டியல்களைப் படித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று சொன்னதும் உன் தம்பி மூன்றையும் அச்சடித்துக்கொண்டு வந்து தந்தான். நான் சிவப்புப் பேனையால் கோடு போடுவதைப் பார்த்த அம்மா, “என்ன, சோதனைத்தாள் திருத்துகிறீர்களா?” என்று கேட்டார். திருத்தினேன்தான். மூன்றில் ஒன்று பெயில்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு என்று நீ நட்சத்திரம் போட்டிருந்தாயே புரொன்கோ ஸ்போர்ட், அது புரொன்கோவே அல்ல. பெயரும் முகச்சாயலும்தான் ஒன்று. புரொன்கோ, சேசிஸ் என்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடலைத் தூக்கி வைத்துப் பூட்டிய வண்டி. ஸ்போர்ட்டை, போர்ட் எஸ்கேப் என்ற காரின் அடித்தளத்தில் எழுப்பியிருக்கிறார்கள். அதில் மெதுவாகவும் பலமாகவும் இழுக்க உதவும் லோ கியர் பெட்டி கிடையாது. கெட்ட வண்டி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரேங்லரோடு அதை வைத்து விலை பார்ப்பது, கறுத்தக்கொழும்பான் விலையையும் புளிமாங்காய் விலையையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கிற கதை.

மிச்சம் ஜீப் ரேங்லரும் போர்ட் புரொன்கோவும். அம்மாவுக்கு இரண்டும் ‘ஜீப்’தான். நமது ஊரில் நாலு சில்லும் உயரமாக நிற்கிற எதுவும் ஜீப்தானே.

ரேங்லரின் வகைகளில் ஒன்றுக்கு ‘வில்லிஸ்’ என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தொழில் பழகிய கராஜின் பின்வளவில் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்று நின்றது. முதலாளி அதைக் கழற்றிப் பூட்டச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம் எடுப்பார். அதன் முன் அச்சு ஒரே தண்டு. ஒரு சில்லு கல்லில் ஏறினால் மற்றது கீழே அழுந்தி மண்ணைப் பிடிக்கும். எண்பது வருடம் கழிந்தும் ரேங்லரில் அதுதான் இருக்கிறது. மாற்றத் தெரியாமல் அல்ல, பாறையில் ஏறுவதற்கு அதுதான் நல்லது என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே அச்சு பெருவீதியில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது உன்னைச் சும்மா இருக்கவிடாது. ஸ்டியரிங்கைச் சின்னச்சின்னதாகத் திருத்திக்கொண்டே போகவேண்டும். அச்சைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்தால் கையே உதறும். புரொன்கோவின் முன் சில்லுகள் தனித்தனியாக ஏறி இறங்குகின்றன, பின் அச்சு மட்டும்தான் ஒரே தண்டு. தார் வீதியில் அது அடக்கமாகப் போகும்.

இனி நீ எங்கே ஓடப்போகிறாய் என்று பார். கிழமையில் ஐந்து நாள் டியர்ஃபூட் பெருவீதியில் ஆஸ்பத்திரிக்கு. கோடையில் சிநேகிதிகளோடு கனனாஸ்கிஸ் பக்கம் கூடாரம் அடிக்க, அதுவும் பெரும்பாலும் சரளைக்கல் வீதி. வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ மலை தாண்டிப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு. இதில் பாறை எங்கே வருகிறது என்று நானும் தேடினேன்.

உன் மனம் ரேங்லரின் ரூபிகன் வகையில் போய் நிற்பது எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு வண்டியின் படத்தை மூன்று தடவை அனுப்பிவிட்டாய். அந்தப் பெயர் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள கற்பாதையின் பெயர். அங்கே போகிறவனுக்காகச் செய்த வண்டி. இடம் வலம் சில்லுகளுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு முன்னும் பின்னும் பூட்டு, 33 அங்குல டயர், முன்பக்கச் சாய்வுத் தடுப்புத் தண்டைப் பொத்தானை அழுத்திக் கழற்றும் வசதி, 4க்கு 1 என்ற லோ கியர். ரேங்லரின் இன்னொரு வகையான சஹாராவில் அந்த லோ கியர் 2.72தான். ஓட்டோ கியர் ரூபிகனில் முதல் கியர், லோ கியர், அச்சுக் கியர் மூன்றையும் பெருக்கினால் 77.2 வருகிறது. இயந்திரம் 77 சுற்று சுற்றி முடித்த பிறகுதான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். நத்தை வேகத்தில் பாறை ஏறலாம். கல்கரியில் அந்தக் கியரை எங்கே போடப்போகிறாய்?

சஹாராவை விடு. உடல் நிறத்தில் மட்காட்டும் நல்ல இருக்கையும் தந்து காசைக் கூட்டியிருக்கிறார்கள். பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிற வேலை.

பூட்டு என்றால் என்ன என்று கேட்டாய். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால் விளங்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடிய பிறகு, சனங்கள் கொம்படி – ஊரியான் வழியாகத்தான் வன்னிக்குப் போய்வந்தார்கள். வழி என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கடல்நீரும் சேறும். நான் பெரியப்பாவின் மசி பெர்குசன் உழவு இயந்திரத்தை ஓட்டினேன், பின்னால் பெட்டியில் சாமானும் சனமும். ஓரிடத்தில் இடது பின்சில்லு சேற்றில் புதைந்து சும்மா சுழல்கிறது, வலது சில்லு கெட்டி நிலத்தில் நின்றும் அசையவில்லை. டிஃபரன்ஷியலின் குணம் அது, சுலபமாகச் சுற்றுகிற பக்கத்துக்கே சுற்றைக் கொடுத்துவிடும். வலது குதிகாலுக்குக் கீழே ஒரு சின்ன மிதி இருக்கும். அதை அழுத்தினேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம், இரண்டு சில்லும் ஒன்றாகின. சேறு முகத்தில் அடித்தது, பெட்டி வெளியே வந்தது. ஆனால் அந்த மிதியை அழுத்தியபடி வண்டியைத் திருப்ப முடியாது, மூக்கு நேரேதான் போகும். அதனால் பனி வீதியில் பூட்டைப் போட்டுப் பார்க்கலாமா என்று ஒருநாளும் நினைக்காதே.

புரொன்கோவிலும் பூட்டு வாங்கலாம். ‘சஸ்குவாச்’ என்று ஒரு பொதி விற்கிறார்கள்: 35 அங்குல டயர், முன்னும் பின்னும் பூட்டு, அதற்கேற்ற அச்சுக் கியர். படத்தில் பார்த்தால் யானைக்குட்டி மாதிரி இருக்கிறது. கதவில் தொங்கும் அந்த உதிரி டயர் வளையத்தோடு 30 கிலோவைத் தாண்டும். இரவு வேலை முடிந்து வரும்போது காற்றுப் போனால் அதை யார் தூக்கி மாட்டுவது? பெற்றோலும் அதிகம் குடிக்கும். அது வேண்டாம். (அந்த வண்டியின் ஓட்டு முறைகளுக்கு ஆங்கிலத்தில் ஆடு என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். எந்த நிலத்திலும் ஏறும் என்று அர்த்தம் வரும் சொற்களின் முதலெழுத்து. வேலியில் ஏறி என் முருங்கைக் கன்றைத் தின்ற பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் படுகிறது.)

விலைப்பட்டியலில் நான் இரண்டு கோடு போட்ட இடம் வேறு. நீ அதைக் கவனித்திருக்கமாட்டாய், ஏனென்றால் படத்தில் அது தெரியாது. நாலு சில்லு இழுவை எந்த முறையில் பூட்டப்படுகிறது என்பதுதான் அது.

ஒரே நுகத்தில் இரண்டு மாட்டைப் பூட்டி வண்டியைத் திருப்பினால் உட்பக்க மாடு அடியைக் குறைக்கும், வெளிப்பக்க மாடு எட்டிப்போடும். காரும் வளைவில் அப்படித்தான், முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடுதல் தூரம் போகவேண்டும். சாதாரண நாலு சில்லு இழுவையில் முன்னையும் பின்னையும் ஒரே இரும்பால் கட்டிவிடுகிறார்கள். மண்ணிலோ பனியிலோ சில்லு கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை, கியர்ப்பெட்டி முறுகி நிற்கும். இப்போது உன் ஊரை நினை. இரவு பனி கொட்டும், பிறகு அந்தச் சினூக் காற்று வந்து பாதியை உருக்கிவிடும் என்று நீதான் சொன்னாய். ஒரு தெரு காய்ந்த தார், அடுத்த சந்தி கண்ணாடிபோல் உறைபனி. சந்திக்குச் சந்தி இழுவையைப் போட்டுக் கழற்றிக்கொண்டா போவாய்? அதற்குத்தான் ‘4 ஓட்டோ’ என்று ஒரு நிலை இருக்கிறது. பின் சில்லு வழுக்கத் தொடங்கினால் தானாக முன் சில்லுக்குச் சக்தி போகும், காய்ந்த வீதியில் விட்டுவிடும். புரொன்கோவில் முன் சில்லுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி இருவிதம் உண்டு. சாதாரணமானது 2.72 லோ கியரோடு வரும், மற்றது 3.06 லோ கியரும் இந்த ஓட்டோ நிலையும் உள்ளது. ரேங்லரிலும் சில வகைகளில் அது விருப்பத் தெரிவாக வருகிறது. உன் பட்டியலில் உள்ள புரொன்கோவின் பிக் பெண்ட் வகைக்கும் ரூபிகனுக்கும் அதைப் போட்டிருக்கிறார்களா என்று விற்பனையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கு. வாயால் சொன்னது போதாது.

ஏன் எழுத்தில் என்று கேட்பாய். மணற்காடு ஞாபகம் இருக்கிறதா? 2012. நீ அப்போது தரம் 7. ஏ9 வீதி திறந்து மூன்று வருடம், ஊரில் எல்லாரும் கொழும்பிலிருந்து வாகனம் இறக்குகிற காலம். நானும் ஒரு தரகரை நம்பிப் பழைய டபிள் கப் பிக்கப் ஒன்று வாங்கி வந்தேன். அகல டயர், முன்னால் பளபளவென்று இரும்புக் கம்பி, கூரையில் நாலு விளக்கு, உள்ளே 4 என்று எழுதிய நெம்புகோல். வாங்கியது இரவு, மழை. இத்தனை வருடம் மெக்கானிக்காக இருந்த நான் அன்று கீழே குனிந்து பார்க்கவில்லை. சேட்டில் சேறு படும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது. பிறகு உங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு மணலில் மூடுண்ட அந்த அந்தோனியார் கோயிலைக் காட்டப் போனேன். மணல்மேட்டில் பின்சில்லு இறங்கியது. நெம்புகோலை இழுத்தேன், ஏதோ சத்தம் வந்தது, முன் சில்லு அசையவில்லை. நீதான் முதலில் சொன்னாய், “அப்பா, முன்னுக்குச் சுத்தவே இல்லை” என்று. நான் உன்னைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். பிறகு மணலில் படுத்து அடியைப் பார்த்தால், முன் அச்சுக்குப் போகிற தண்டையே காணவில்லை. யாரோ கழற்றி விற்றுவிட்டான். நெம்புகோல் மட்டும் அழகுக்கு நின்றது. கரைவலைக்காரர் கயிறு கட்டி இழுத்தார்கள், அசையவில்லை. அதில் வயதான ஒருவர் வந்து வால்வைக் கழற்றி, நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டார். 30 இறாத்தலில் இருந்தது 15க்கு வந்திருக்கும். டயர் பரந்து மணல்மேல் படுத்தது, அடுத்த இழுவையில் வண்டி வெளியே. ஒரு சதம் செலவில்லை.

ஆகவே டயருக்குக் காசு ஒதுக்கு. வண்டியோடு வருகிற டயரைக் கோடைக்கு வைத்துக்கொள். மாரிக்கு வேறொரு தொகுதி, வளையத்தோடேயே வாங்கு. பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் நடுவில் பனித்திவலையும் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்கு. உன் மாகாணத்தில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைவீதிகளில் ஒக்டோபர் 1இலிருந்து மாரி டயர் கேட்கிறார்கள். இன்று திகதி 12. கூரையும் கடினக் கூரையாக எடு. துணிக்கூரை கோடையில் கழற்றிப்போட நன்றாக இருக்கும், சைபருக்குக் கீழே முப்பது பாகை என்று நீ படம் அனுப்புகிற ஊரில் அது எதற்கு. இயந்திரத்தைச் சூடாக்க இரவில் மின்சாரத்தில் செருகும் வயர் இருக்கிறதா என்றும் பார்.

என் கணக்கில் பிக் பெண்ட், ஓட்டோ இழுவை, கடினக் கூரை, இரண்டு தொகுதி டயர். இதை எழுதிவிட்டு நேற்று இரவு அந்தச் சிவப்பு ரூபிகனின் படத்தை மறுபடி பார்த்தேன். இருபத்தைந்து வயதில் எனக்கு யாராவது அந்த வண்டியின் படத்தைக் காட்டியிருந்தால் நானும் பிக் பெண்டைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டேன். இங்கே 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி இந்த வருடம் பெப்ரவரியில்தான் திறந்தார்கள், இப்போதும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆசைப்பட்டதை வாங்கக்கூடிய இடத்தில் நீ இருக்கிறாய். உழைப்பதும் நீதான். ரூபிகன்தான் என்றால் ரூபிகன், ஆனால் ஓட்டோ இழுவை உள்ளதாகப் பார்த்து எடு. இரண்டையும் டியர்ஃபூட்டில் அரை மணிநேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். கடை முற்றத்தைச் சுற்றி வருவது ஓட்டிப் பார்த்ததாகாது.

சனிக்கிழமை போகும்போது பழைய சீலைத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டுபோ. வண்டிக்குப் பக்கத்தில் விரித்து, படுத்து, அடியைப் பார். புதுவண்டியில் ஒன்றும் களவு போயிருக்காது, அது எனக்கும் தெரியும். அங்கிருந்து எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு, முன் அச்சுக்குப் போகிற தண்டு தெரியும்படியாக.

அம்மா புழுக்கொடியல் கட்டிவைத்திருக்கிறார், தைப்பொங்கலுக்கு முன் யாராவது வந்தால் கொடுத்துவிடுவோம்.

அன்புடன்,
அப்பா