லைப்சிக்கில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

ஞாயிறு ஆராதனைக்குப் பதினெட்டுப் பேர்தான், அத்தனையும் பாட்டிமார், "இவர்களா நமக்கு மிஷனரி அனுப்பினார்கள்?" என்று கேட்டிருந்தாய். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இவர்கள்தான். டிரெஸ்டனில் தொடங்கி 1848இல் லைப்சிக்குக்கு இடம் மாறிய அந்த மிஷன் நம் பக்கத்தில் நடத்திய பள்ளிக்கூடத்தில்தான் உன் கொள்ளுத்தாத்தா அரிச்சுவடி படித்தார்.

அந்தப் பாட்டிமாரின் பதினாலு வயதை நினைத்துப் பார். நம்மைப்போல அவர்களுக்கும் அது திடப்படுத்தல் எடுக்கிற வயது, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தன் விசுவாசத்தைச் சபை முன்னால் தானே அறிக்கையிடுகிற வயது. அப்போது கிழக்கு ஜெர்மனியை ஆண்ட கம்யூனிஸ்ட் அரசாங்கம் அதற்குப் போட்டியாக 'யூகெண்ட்வைஹே' என்று தானே ஒரு சடங்கை நடத்தியது. அதற்குப் போகாமல் ஆலயத்தையே பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு மேல்படிப்பு சந்தேகம்தான். பெரும்பாலோர் அரசாங்கச் சடங்குக்குப் போனார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். உன் படிப்பு என்று வந்திருந்தால் நானே என்ன செய்திருப்பேனோ.

உன் பல்கலைக்கழக ஆலயம் 1545இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே பிரதிஷ்டை செய்தது. போர்க் குண்டுகளுக்குத் தப்பியதை 1968 மே 30 அன்று அந்த அரசாங்கமே வெடிவைத்துத் தகர்த்தது.

அப்புறம் நிக்கோலாய் ஆலயம். தூண்களின் தலையில் ஓலை விரித்த மாதிரி இருக்கிறது, நம் ஊர்ப் பனைதான் ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தாயே, அதேதான். அங்கே 1982 முதல் திங்கள்தோறும் மாலை 5 மணிக்குச் சமாதான ஜெபம். 1989 அக்டோபர் 9 அன்று, ஜனங்களுக்கு இடம் இல்லாமல் போகட்டும் என்று கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களை நூற்றுக்கணக்கில் மதியமே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், அவர்களும் ஜெபத்தில் இருந்தார்கள்! வெளியே அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போக சுமார் 70,000 பேர். மெழுகுவர்த்தி அணையாமல் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், கல் எடுக்க ஏது கை என்று சொன்னார் அப்போது அந்த ஆலயத்துக் குருவானவராக இருந்த கிறிஸ்டியான் ஃப்யூரர். அன்று ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

சுவர் போனபிறகும் ஆலயம் நிரம்பவில்லை என்பது உண்மை. இரண்டு தலைமுறை வேதவசனம் கேட்காமலே வளர்ந்துவிட்டது. நம் சபையில் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் கமிட்டித் தேர்தல் வந்தால் நடக்கிற கூத்து உனக்கே தெரியும்.

பாட்டு எண் பலகையைப் பார்த்து உனக்குப் பக்கம் எடுத்துக் கொடுத்தாரே ஒரு பாட்டி, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் அவரோடு ஒரு காபி குடி. திடப்படுத்தல் எடுத்தாரா என்று மெதுவாகக் கேள். அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள், அவருக்கும் கொடு. பல் எப்படி என்று மட்டும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா