ஊரோடு பிறக்கும் நாடகங்களுக்காக: இயல் இசை நாடக மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் தலைவர், உறுப்பினர் செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாடகங்களுக்கு மன்றம் தரும் நிதியுதவி குறித்த ஒரு வேண்டுகோளோடு இதை எழுதுகிறேன்.

மணிப்பூரைச் சேர்ந்த நாடக இயக்குநர் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால் 1969இல் இம்பாலில் ‘கலாக்ஷேத்ரா மணிப்பூர்’ குழுவைத் தொடங்கியவர். அரிசி ஏற்றுமதியை எதிர்த்து மணிப்பூர்ப் பெண்கள் 1939இல் நடத்திய போராட்டத்தை 1978இல் அவர் நாடகமாக்கியபோது, தேர்ந்த நடிகைகளை நாடாமல், இம்பால் சந்தையில் வணிகம் செய்துவந்த பெண்களையே நடிக்க வைத்தார். அடுத்த ஆண்டு உமாதேல் என்னும் கிராமத்துக்குச் சென்று, அவ்வூர் மக்களோடு இன்னொரு நாடகத்தை உருவாக்கினார். பத்ம பூஷண் விருது 2016இல்தான் அவருக்குக் கிடைத்தது; அவ்வாண்டே மறைந்தார். போராட்டத்தின் நினைவு மக்களிடம் உயிரோடு இருந்தபோதே அது நாடகமானதைத்தான் அவர் பணியின் பெரும்பேறாக நான் கருதுகிறேன்.

சென்னைக்கு அந்த அவகாசம் குறைந்துகொண்டே வருகிறது. கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. பழைய சந்தையில் மூட்டை சுமந்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. 1921ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தைக் கண்ட பெரம்பூர் பின்னி ஆலையின் கடைசித் தலைமுறைத் தொழிலாளர்களும், ஆற்றங்கரையிலிருந்து கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெரியவர்களும் அப்படித்தான். 1984இல் தொடங்கப்பட்ட, நாடக இயக்குநர் பிரளயனின் சென்னைக் கலைக்குழு தெருவுக்கே நாடகத்தைக் கொண்டுசென்று காட்டியிருப்பதால், இந்நகரில் வழி தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே மன்றத்திடம் நான் வேண்டுவது இது: நாடகத்துக்கான நிதியுதவி அரங்கேற்றச் செலவோடு நின்றுவிடாமல், இயக்குநர் ஒரு பகுதியில் தங்கி, அங்குள்ளவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களோடு ஒத்திகை பார்க்கும் மாதங்களுக்கும் சேர வேண்டும். ஒத்திகைக்கு வரும் மீன் விற்கும் அம்மாவும் கட்டட வேலைக்குப் போகும் அண்ணனும் அன்றைய கூலியை இழக்கிறார்கள் என்பதால், அந்தக் கூலியும் நாடகச் செலவாகவே கணக்கிடப்பட வேண்டும். இதை விட்டுவிட்டு ‘மக்கள் பங்கேற்பு’ என்று பேசுவது நியாயமாகாது. முதல் காட்சி அந்தப் பகுதியிலேயே நடக்கட்டும். அதற்கான மாநகராட்சித் திடலையும் காவல்துறை அனுமதியையும் மன்றமே முன்னின்று பெற்றுத் தர வேண்டும்.

முதல் முயற்சியாகப் பெரம்பூரையும் கண்ணகி நகரையும் எடுத்துக்கொண்டு, வரும் நிதியாண்டிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னை நாடகப் பயிற்றுநர் ஒருவர்