கறிக்கோழி வளர்ப்புக் கூலி, மருந்து விவரம் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
கறிக்கோழி வளர்க்கும் விவசாயி,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பூர்.

பொருள்: ஒப்பந்தக் கோழிப்பண்ணையில் நியாயமான கூலியும், கொடுக்கிற மருந்தின் விவரமும் கேட்டு.

மதிப்பிற்குரிய அய்யா,

240 அடி நீளம், 25 அடி அகலத்தில் கடன் வாங்கிக் கொட்டகை போட்டு, 5,000 கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு என்னுடையது. கோழியும் என்னுடையது இல்லை, வளர்த்துக் கொடுக்கும் கூலிதான் எனக்கு.

போன பேட்ச் கணக்கைச் சொல்கிறேன். 10,000 கிலோ எடை போட்டு ஏற்றினார்கள். கிலோவுக்கு 6 ரூபாய் 50 காசு வீதம் 65,000 ரூபாய் வந்தது. தரையில் பரப்பத் தேங்காய் மஞ்சி, குஞ்சுக்குச் சூடு காட்டக் கரி, கரண்ட் பில், ஆள்கூலி எல்லாம் சேர்த்து 38,000 போய்விட்டது. மிச்சம் 27,000. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்படித்த நாளையும் சேர்த்தால் 60 நாள், நானும் என் மனைவியும் ராத்திரி பகல் பார்த்த வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 ரூபாய். எரு விற்ற காசு கொட்டகைக் கடன் தவணைக்கே சரியாகிவிட்டது.

சித்திரை வெயிலில் ஒரே மதியத்தில் 180 கோழி சுருண்டு விழுந்தது. ஏற்றுவதற்கு நான்கு நாள்தான் பாக்கி. நாங்களே குழி வெட்டிப் புதைத்தோம். செத்த கோழிக்குக் கூலி கிடையாது, சரி. ஆனால் அது தின்ற தீவனம் மட்டும் என் கணக்கில் ஏறி, அதற்கும் பிடித்தம் செய்தார்கள். வெயில் என்ன நான் கொண்டு வந்ததா?

கடையில் கறி பத்து ரூபாய் ஏறினால் ஊரே பேசுகிறது. ஏறாமல் இருப்பதற்கு என் வீட்டிலிருந்து எவ்வளவு போகிறது என்பது எந்த பில்லிலும் இல்லை. ஆயிரம் அடி போர்வெல்லில் தண்ணீர் குறைவதும், ஈயோடும் நாற்றத்தோடும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சோறு தின்பதும் அப்படித்தான். அவர் என்னோடு பேசி ஒரு வருஷமாகிறது. அவர்மேல் தப்பில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீரில் கலக்கச் சொல்லி சூப்பர்வைசர் கொடுக்கும் பொடி சில நேரம் பெயர் கிழித்த பாக்கெட்டில் வருகிறது. கேட்டால் 'வைட்டமின்' என்கிறார். இருக்கலாம். ஆனால் வேறு மருந்துக்குக் குணமாகாத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கையே கோழிக்கும் கொடுத்து வந்ததால்தான் மத்திய அரசு 2019 ஜூலையில் அதைக் கால்நடைக்கும் கோழிக்கும் தடை செய்தது. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுத்தால் அதற்கு அடங்காத கிருமிதான் வளரும் என்று கால்நடை டாக்டரே சொல்கிறார். அந்தப் பொடியைக் கையால் கலக்குவது நான். எருவை வாங்குகிறவர்கள் காய்கறித் தோட்டத்துக்குத்தான் போடுகிறார்கள்.

கால்நடை ஒப்பந்தத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 2019-லேயே ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் வந்துவிட்டது. என்னிடமோ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல்கூட இல்லை.

ஆகவே, எங்கள் வட்டத்துக் கோழி ஒப்பந்தங்களை அந்தச் சட்டப்படி பதிவு செய்து நகல் கொடுக்க வைக்கவும், கம்பெனிகளையும் வளர்ப்பவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து இன்றைய செலவுக்கு ஏற்றபடி கூலி பேசவும், வெயிலில் சாகும் கோழியின் தீவனத்தை எங்கள் தலையில் கட்டுவதை நிறுத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். பெயரில்லாத மருந்து பண்ணைக்குள் வராதபடி கால்நடைத் துறை மூலம் சோதனை செய்யவும் வேண்டும். முதல் சோதனையை என் கொட்டகையிலேயே தொடங்கலாம். இரண்டு காலி பாக்கெட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: கடைசி பேட்ச் கணக்குச் சீட்டு நகல்