ஞானஸ்நானத்துக்கு நீ வரணும்

வடக்கன்குளம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மருமகள் எழுந்து நடமாடுகிறாள். பிள்ளை பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழிக்கிறான், அதில் அப்படியே உன்னை மாதிரி.

"லீவு கிடைக்காதும்மா, நீங்களே ஞானஸ்நானத்தை முடிச்சிருங்க, நான் வீடியோ கால்ல பார்த்துக்கிறேன்" என்று நேற்று சொன்னாய். பக்கத்தில் மருமகள் இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

சட்டம் உன் பக்கம்தான். தாய் தகப்பன் இரண்டு பேரில் ஒருவர் சம்மதித்தாலே திருச்சபைச் சட்டத்துக்குப் போதும். பிறந்த சில வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் சடங்கு அப்படி இல்லை. இத்தனை ஞானஸ்நானத்துக்குப் போயிருக்கிறாய், கவனித்திருக்கிறாயா? பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் பெற்றவர்களிடம்தான் கேட்பார். தான் நெற்றியில் சிலுவை போட்டதும், அடுத்து அவர்களைப் போடச் சொல்வார். கோவிலின் பெரிய பாஸ்கா திரியிலிருந்து பிள்ளையின் மெழுகுதிரியைப் பற்றவைக்க, பெரும்பாலும் தகப்பனைத்தான் கூப்பிடுவார். கடைசியில் தாய்க்கு ஒரு ஆசீர், தகப்பனுக்குத் தனியாக ஒரு ஆசீர். நீயும் உன் மனைவியும்தான் இந்தப் பிள்ளைக்கு விசுவாசத்தில் முதல் ஆசிரியர்கள் என்பது அந்தத் தகப்பன் ஆசீரில்தான் வருகிறது. அந்த நேரம் அங்கே யார் நிற்பது? போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் தம்பியா?

ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறவள் என்பதால் இதெல்லாம் என் கண்ணில் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. பிள்ளை மந்திரம் படித்தானா, முதல் நற்கருணை வாங்க எப்போது பெயர் கொடுக்கணும் என்று கேட்டு வருவதெல்லாம் தாய்மார்தான். தகப்பன்மார் பைக்கை நிறுத்திவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். பிரசங்கம் முடியும்வரைக்கும் உள்ளே வராத ஆட்களும் உண்டு, உனக்கே தெரியும். பக்தி பொம்பளைகள் சமாச்சாரம் என்று எப்படியோ ஆகிப்போச்சு.

நம் கோவிலே திருக்குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. மாதாவும் சேசுவும் மட்டும் அங்கே நிற்கவில்லை, சூசையப்பரும் நிற்கிறார். சுவிசேஷம் முழுக்கத் தேடினாலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லித் தூதர் சொன்னது அவரிடம்தான் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அவரும் வெளிநாடு போனவர்தான். ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குக் கிளம்பினார், பிள்ளையையும் தாயையும் கூடவே கூட்டிக்கொண்டு. சரி, அந்தக் காலத்தில் விசா இல்லை. உன் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது என்று எனக்கும் தெரியும்.

நீ வெயிலில் கிடந்து அனுப்புகிற பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உழைப்பாளியான சூசையப்பருக்கென்று மே 1-ஐ 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பு ஏற்படுத்தினார். ஆனால் அது இன்றைக்கு விருப்ப நினைவுதான், கொண்டாடினாலும் விட்டாலும் சரி. சூசையப்பரை மரியாளின் கணவர் என்று கொண்டாடுகிற மார்ச் 19-தான் பெருவிழா. எது பெரிதென்று திருச்சபைக்குத் தெரிந்திருக்கிறது. பிரான்சிஸ் பாப்புவும் 2020 டிசம்பரில் சூசையப்பர் ஆண்டைத் தொடங்கிவைத்து எழுதிய கடிதத்தில், பிள்ளை பெற்றதால் மட்டும் ஒருவன் தகப்பனாகிவிடுவதில்லை, அதைக் கவனிக்கிற பொறுப்பை ஏற்கும்போதுதான் ஆகிறான் என்று சொன்னார்.

என் அப்பாவை உனக்கு அவ்வளவாக நினைவிருக்காது. பனையேறி. பதநீர்க் காலத்தில் விடியுமுன்னே தளைநாரும் பாளை அருவாளுமாகக் கிளம்பிவிடுவார். மரத்தடியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஏறுவார். சாயங்காலம் மறுபடியும் ஏறி இறங்கி வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். ஆனாலும் செபமாலையை ஆரம்பிப்பது அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது, மாதா மன்றாட்டு மட்டும் ஒரு வரி பிசகாமல் வரும். நடுவில் தூங்கிவிடுவார், நாங்கள் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று சத்தமாகச் சொன்னதும் முழித்து அடுத்த வரியைப் பிடித்துவிடுவார். முடிந்ததும் வரிசையாகத் தோத்திரம் சொல்லி நிற்போம். நெற்றியில் சிலுவை போடுவார். பனை உரசிக் காய்ப்பேறின கட்டைவிரல், சொரசொரவென்று இருக்கும். என் தம்பி கூச்சப்பட்டு நெளிவான். எங்களுக்கு அவர் உபதேசம் என்று தனியாக எதுவும் செய்ததில்லை.

உன் அப்பாவும் காற்றாலையில் ராத்திரி டியூட்டி இருந்தபோது செபமாலை முடித்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். நீ பார்த்து வளர்ந்ததுதானே.

தூரத்தில் இருந்தும் செய்யலாம். இங்கே ராத்திரி ஏழரை என்றால் துபாயில் ஆறு. வேலை விட்டு நீ பஸ்ஸில் வருகிற நேரம். அப்போது போன் போடு, செபமாலையில் பத்து மணிகளாவது எங்களோடு சேர்ந்து சொல். பிள்ளை உன் குரலைச் செபத்தோடு கேட்டு வளரட்டும், ‘பணம் வந்துச்சா’ என்பதோடு மட்டும் வேண்டாம். ஆனால் ஞானஸ்நானத்துக்கு நேரிலேயே வா. சாமியாரிடம் கேட்டேன், சில வாரம் பொறுக்கலாம், பிள்ளை நல்ல சுகமாகத்தானே இருக்கிறான் என்றார். இப்போது புனிதராக இருக்கிற தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் வாங்கின ஊர் இது. அதற்கு ஒரு டிக்கெட் எடுக்கலாம்.

மேனேஜரிடம் கேட்டுப்பார். நாலு நாள் போதும், அதிகம் வேண்டாம். அப்புறம், ஞானத்தகப்பனாக நிற்கப்போகிற உன் கூட்டாளி உறுதிபூசுதல் என்கிற அருட்சாதனம் வாங்கியிருக்கிறானா என்று கேட்டுச் சொல். அவன் பங்குக் கோவிலிலிருந்து கடிதம் வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா