அலமாரிச் சாவியைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

நம் ஆய்வகத்து சி.ஆர்.ஓ., அதாவது மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி, பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. சென்ற வாரம் பார்வையிட வந்தவர்களுக்காக அதை மேசைமேல் எடுத்து வைத்தோம். திரையில் அலை ஓடியது. என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்கள் கிளம்பியதும் கருவி அலமாரிக்குள் போய்விட்டது. அடுத்த பாடவேளை என்னுடையது. "மிஸ், நீங்க போர்டுல வரையுற அலை அதுதானா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பூட்டிய அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, மறுபடியும் சாக்பீஸால்தான் வரைந்தேன்.

மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஓர் எண்ணைத்தான் காட்டும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி, அலையின் உச்சம் 325 என்றால் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள். 6 வோல்ட் மின்மாற்றியின் அலையைத் திரையில் காட்டினால், உச்சம் எட்டரை வோல்ட்டுக்குப் போவதைக் கட்டம் எண்ணித் தாங்களே கண்டுபிடிப்பார்கள். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை நடுவே வைத்தால் கீழ்ப்பாதி காணாமல் போகும். 1 கிலோ ஓம் மின்தடைக்கு இணையாக 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சேர்த்தால், ஒவ்வொரு மேட்டுக்கும் அப்புறம் கோடு சரிந்து இறங்கும். 1000 மைக்ரோஃபாரட் வைத்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமிக்கிறது என்ற வரியை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியாது. பதினைந்து நிமிடம் போதும். சாவியைக் கொடுங்கள்.

பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். இருப்புப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டு மின்சாரத்தை நேரடியாக அதில் இணைக்க மாட்டேன். மின்மாற்றி வழியாக மட்டும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆண்டுக்கணக்கில் இயக்காமல் வைத்தாலும் உள்ளே இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் கெடும். பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது.

செய்முறை வகுப்பே தேர்வுக்கு முந்தைய மாதம்தான் நடக்கிறது. போன ஆண்டு மாணவர்கள் எடுத்த அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதுகிறார்கள். நாம் எல்லோரும் தெரிந்தே அதில் கையெழுத்திடுகிறோம், நானும்தான். இது எனக்கு உறுத்துகிறது. சரி, அதைத் தனியாகப் பேசுவோம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். வரும் வியாழன் மூன்றாம் பாடவேளைக்கு அலமாரிச் சாவியைத் தயவுசெய்து என்னிடம் தாருங்கள். மணி அடித்ததும் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

பணிவுடன்,
பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியை