டெல்லிக் குளிர்ல இருக்கற மாப்ளைக்கு

காங்கயம்,
மார்கழி மாசம்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடுதாசி வந்து சேர்ந்துச்சு. பேரனைப் பத்தி நாலு வரி, மிச்சமெல்லாம் முழங்காலுக்குக் கீழ எடுக்கற அரிப்பைப் பத்தி. இங்க இருந்த வரைக்கும் மூஞ்சிக்குப் பவுடர் கூடப் போடாத ஆளு, இப்ப ரெண்டு பக்கம் தோலைப் பத்தியே எழுதியிருக்கறே. டெல்லிக் குளிர் உன்னை நல்லாத்தான் பதம் பார்த்திருக்குது.

மொதல்ல ஊர்ச் சேதி. மழை கார்த்திகையோட நின்னு போச்சு. மாடு மேயற கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு வெளுத்துக் கிடக்குது. மாடு பகல்ல மேஞ்சுட்டு வருது, பொழுதோட சோளத்தட்டு கொஞ்சம் போடறோம். உன் தென்னந்தோப்புல காய் வெட்டியாச்சு. வெள்ளை ஈ இந்த வருசமும் இருக்குது, ஆனா ஓலை அந்தளவுக்குக் கறுக்கலை. களத்துல தேங்காப் பருப்பு நல்லாக் காயுது. பகல்ல வெயில், ராத்திரியில பனி, நடுவுல கிழக்கத்திக் காத்து ஈரமே இல்லாம அடிக்குது. இங்கயே என் கால்ல நகத்தால கீறினா வெள்ளைக் கோடு விழுகுது. அங்க ராப்பகலா ஹீட்டர் ஓடற அறையில உக்காந்திருக்கற உனக்குக் கேக்கணுமா?

வீட்டுக்காரிக்குக் கை வெடிச்சு ரத்தம் வந்ததால தோல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருந்தேன். நான் கேக்காததையெல்லாம் பொறுமையாச் சொன்னாரு. தோலோட மேல் அடுக்குல செத்துப் போன செல்லுங்க அடுக்கடுக்கா இருக்குமாம். நம்ம ஊர்ல கல்லுக் கட்டடம் கட்டறப்ப கல்லுக்கு நடுவுல சாந்து வெக்கறாங்களே, அப்படி அந்த செல்லுக்கு நடுவுல கொழுப்பு இருக்குது. அது இருக்கற வரைக்கும் உள்ள இருக்கற ஈரம் வெளிய போகாது. சுடுதண்ணியும் சோப்பும் அந்தக் கொழுப்பைத்தான் மொதல்ல அரிக்கும். வயசு ஏற ஏற எண்ணெய் சுரக்கறதும் குறையும். கெண்டைக்காலுக்கு முன்பக்கம் எண்ணெய்ச் சுரப்பி இயல்பாவே கம்மி, அதனாலதான் உனக்கு அங்கிருந்து ஆரம்பிச்சிருக்குது.

என்னத்தத் தடவறதுன்னு நீ கேட்டிருக்கறே. எதை நிறுத்தறதுன்னு மொதல்ல பாரு. கீசர் தண்ணியில அரை மணி நேரம் நின்னா சொகமாயிருக்குதுன்னு எழுதியிருக்கறே பாரு, உன் வியாதியில பாதி அதுதான். தண்ணி வெதுவெதுன்னு இருந்தாப் போதும். பத்து நிமிசத்துக்குள்ள தண்ணி வார்த்துட்டு வெளிய வந்துரு. சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் பாதத்துக்கும் போதும், காலு கையெல்லாம் நுரைக்க நுரைக்கத் தேய்க்க வேண்டியதில்லை. நம்ம தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, அதை அளக்கற பி.எச். கணக்குல அஞ்சை ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி ஒம்பது, பத்துன்னு காரமாயிருக்கும். நம்ம போர்த்தண்ணி மாதிரி உப்புத்தண்ணியா இருந்தா இன்னும் மோசம். சோப்பும் தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து ஒரு வெள்ளைக் கசடாகித் தோல் மேலயே படிஞ்சிரும். உடம்பு தேய்க்கற, நரநரன்னு இருக்கற பீர்க்கங்கூட்டையும் மூலையில போடு.

பச்சைப்பயறு மாவு அனுப்பறேன். கொஞ்சம் தயிர்லயோ வடிச்ச கஞ்சியிலயோ குழைச்சு உடம்புக்குப் பூசிக் கழுவிக்க. அரப்பு இலைப்பொடியும் ஒரு பொட்டலம் வரும், ஆனா அது தலைக்கு மட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு அரப்புப் போட்டு முழுகற நம்ம வழக்கத்தை நான் குறை சொல்லலை. நல்லெண்ணெய் ஊறி அரை மணி நேரம் உக்காந்திருக்கற சொகம் வேற எதுலயும் வராது. ஆனா அரப்புக்கு எண்ணெயை எடுக்கற சக்தி அதிகம். உடம்பு பூராத் தேய்ச்சு எடுத்தா, தடவின எண்ணெயோட நம்ம சொந்த எண்ணெயும் போயிரும். நம்ம ஆத்தாமார் காலத்துல பகல் பூரா வேர்த்துக் காட்டுல கிடந்தாங்க, அவங்களுக்கு அது சரி. நீ சோபாவுல உக்காந்திருக்கறே.

இப்பத்தான் தடவற விசயம். எண்ணெய் தோலுக்குள்ள ஈரத்தைக் கொண்டு போறதில்லை, இருக்கற ஈரம் ஓடாம மூடி வெக்குது. அதனால காஞ்ச தோல்ல எண்ணெய் பூசறது பாதி வீண். குளிச்சு முடிச்சுத் துண்டால ஒத்தி எடுத்துட்டு, உடம்பு ஈரம் இருக்கறப்பவே ஒண்ணு ரெண்டு நிமிசத்துல தடவிரணும். ரெண்டு காலுக்கும் சேர்த்து ஒரு சின்னக் கரண்டி போதும், வழியற அளவுக்கு வேண்டாம். விருந்துக்குப் போற மாதிரி மினுமினுன்னு இருக்க வேண்டிய அவசியமில்லை.

எந்த எண்ணெய்னா, நம்ம தேங்காயெண்ணெயே நல்லது. நம்ம ஊர்க்காரன்கறதுக்காகச் சொல்லலை. பிலிப்பைன்ஸ்ல தோல் வறட்சி இருக்கறவங்களுக்குச் சுத்தத் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் குடுத்துப் பார்த்து 2004-ல வெளியிட்டாங்க, ரெண்டுமே நல்லா வேலை செஞ்சிருக்குது. ஆனா ஒண்ணு பார்த்துக்க. பருப்பு வெள்ளையாத் தெரியணும்னு கந்தகப் புகை போடறது நம்ம பக்கத்துல உனக்கே தெரியும். நான் அனுப்பறது புகை போடாத பருப்பு, கண்ணு முன்னாடி செக்குல ஆட்டினது. 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிரும், அங்க பாட்டில் கல்லாட்டந்தான் இருக்கும். கெட்டுப் போச்சுன்னு உன் மருமக கொட்டிரப் போகுது, சொல்லி வெச்சுரு. சுடுதண்ணியில கொஞ்ச நேரம் நிறுத்தினா இளகிக்கும்.

பக்கத்து வீட்டு அம்மா கடுகெண்ணெய் தேய்க்கச் சொன்னாங்கன்னு எழுதியிருந்தே. அந்த ஊர்ல குழந்தைக்கும் அதைத்தான் தேய்க்கறாங்க, வழக்கத்தைக் குறை சொல்ல நான் யாரு. ஆனா எலித் தோல்ல சோதிச்சுப் பார்த்தப்ப கடுகெண்ணெய் அந்தக் காப்பு அடுக்கு ஆறறதைத் தாமதப்படுத்தியிருக்குது, சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் ஆத்தியிருக்குது. ஆலிவ் எண்ணெயும் வறண்ட தோலுக்கு அவ்வளவு ஒத்து வராது. விலையும் அப்படி. எண்ணெய்ப் பிசுக்கே ஆகாதுன்னா கிளிசரின்ல பன்னீர் கலந்து தடவி, அது மேல லேசா வாசலின் பூசு. இயற்கைன்னா வாசலின் ஆகாதுன்னு உன் பையன் சொல்லுவான். என்னைக் கேட்டா தோலுக்கு ஒத்துக்கறது எதுவோ அதுதான் மருந்து.

உதட்டை நாக்கால ஈரம் பண்ணாதே. எச்சில் காயறப்ப இன்னும் வெடிக்கும். ராத்திரி ஊத்துக்குளி வெண்ணெய் துளி வெச்சுட்டுப் படு, அங்க கிடைக்கலைன்னா வீட்டு நெய்யே போதும். கத்தாழை தடவறதா இருந்தா மடலை வெட்டி, அந்த மஞ்சப் பால் வடிய விட்டுட்டுத் தடவு. சில பேருக்கு அது எரியும். எலுமிச்சம்பழத்தை மட்டும் வெடிப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதே. தண்ணி நிறையக் குடிச்சாத் தோல் பளபளக்கும்னு போன்ல வர்றதை நம்பி லிட்டர் லிட்டராக் குடிச்சு ராத்திரி எந்திரிச்சு நடக்காதே, தாகத்துக்குக் குடி.

குதிகால் வெடிப்புக்குத்தான் நீ சர்க்கரைக்காரன்னு தனியா எழுதறேன். மத்தவங்க வெதுவெதுப்பான தண்ணியில பத்துப் பதினஞ்சு நிமிசம் ஊற வெச்சு, துடைச்சு, ஆமணக்கெண்ணெய் தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுட்டுப் படுத்தாச் சரியாயிரும். உனக்குச் சர்க்கரை இருக்கறதால ஊற வெக்கறதே வேண்டாம். சூடு காலுக்குத் தெரியாமப் போகலாம், குளிக்கற தண்ணியைக் கூட முழங்கையில தொட்டுப் பார்த்துட்டு ஊத்து. பிளேடால சுரண்டறது, கல்லுல தேய்ச்சு ரத்தம் வர வெக்கறதெல்லாம் கூடவே கூடாது. எண்ணெயைப் பாதத்துல தடவு, விரலிடுக்குல தடவாதே, அங்க ஈரம் தங்கினாப் பூஞ்சணம் பிடிக்கும். தினம் ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பாரு, முடியலைன்னாப் பேரனைப் பார்க்கச் சொல்லு. எண்ணெய் தடவின காலோட பாத்ரூம் டைல்ஸ்ல நடக்காதே. நம்ம வயசுல வழுக்கி விழுந்தாத் தோலை விட எலும்பு செலவு ஜாஸ்தி.

ஹீட்டரைப் படுக்கறப்ப அணைச்சுட்டு ரெண்டு போர்வை போத்திக்க. சென்னிமலைப் போர்வை ஒண்ணு அனுப்பறேன். உல்லன் ஸ்வெட்டரை நேராத் தோல் மேல போடாம, உள்ள ஒரு பனியன் போட்டுக்க. அரிப்புல பாதி உல்லன் நூலாலயும் இருக்கலாம்.

இத்தனையும் செஞ்சும் ரெண்டு வாரத்துல அடங்கலைன்னா டாக்டரைப் பாரு. ராத்திரியில விரலிடுக்குல அரிச்சா, வீட்ல மத்தவங்களுக்கும் அரிச்சா அது சிரங்கு, எண்ணெய்க்குக் கேக்காது. வட்டவட்டமாப் பரவினாப் படர்தாமரை. தடிப்பே இல்லாம உடம்பு பூரா அரிச்சா கிட்னி, ஈரல், தைராய்டு எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கறது நல்லது. சர்க்கரைக்காரன் இதுல சோம்பல் படக்கூடாது.

தைப் பொங்கல் நோம்பிக்கு நீ வருவேன்னு நினைச்சிருந்தேன், பேரன் பள்ளிக்கூடத்தைச் சொல்லிட்டே, விடு. காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் உன் வீட்டு வாசல்லயும் நானே கட்டிடறேன். மாசியில பயிறு எடுக்கறப்பவாவது வந்து நில்லு, வேலையாளுக்கு உன் பேச்சுத்தான் எடுபடுது.

எண்ணெய்க் கேனை உன் தங்கச்சி பையன்கிட்டக் குடுத்து அனுப்பறேன், வர்ற செவ்வாக்கிழமை ரயில்ல ஏறறான். மூடியைச் சுத்தி டேப் ஒட்டியிருக்கேன். போன தடவை மாதிரி துணிமணியில வழிஞ்சா என்னைத் திட்டாதே, அவனைத் திட்டு. அரை கிலோ மஞ்சத்தூள் உன் மருமகளுக்கு.

தேங்கா போட்ட கணக்கு இந்தப் பக்கத்துக்குப் பின்னாடி எழுதியிருக்கேன். வெட்டுக்கூலி போக மிச்சத்தை உன் பேங்குல கட்டிட்டேன், பார்த்துட்டுச் சேதி சொல்லு.

இப்படிக்கு,
உன் மாப்ளை