தண்ணிப் போத்தல் நிறைஞ்சபடியே திரும்பி வருது

பாடசாலைகளுக்குப் பொறுப்பா இருக்கிற பெரியவங்களுக்கும், கொழும்புல தமிழ்மொழி மூலப் பாடசாலைகள நடத்துற அதிபர்மாருக்கும் வணக்கம்.

நான் செட்டியார் தெருவுல ஒரு நகைக்கடையில வேலை செய்றேன், இருக்கிறது கொட்டாஞ்சேனையில, மகன் தரம் 7. அவன பாடசாலையில மத்தப் பிள்ளைகள் பகிடி பண்ணி வதைக்கிறதப் பத்தித்தான் இந்தக் கடிதம். விஷயத்த முதல்ல இருந்து சொல்லத் தேவையில்ல, மூணு கடிதம் குடுத்தாச்சு, நாலு தடவ அரைநாள் லீவு போட்டுட்டு வந்து கோப்பைகள் அடுக்கி வெச்ச அலுமாரிக்கு முன்னால உள்ள வாங்குல உக்காந்தும் இருக்கேன். அந்தக் கோப்பைகள்ல எது எந்த வருஷம் எடுத்ததுன்னு கேட்டா இப்ப பார்க்காமலே சொல்லுவேன்.

தண்ணிப் போத்தலப் பத்தி மட்டும் கொஞ்சம் சொல்றேன். காலையில ஆறு மணிக்கு வேன் வரும், அதுக்கு முதல் கொதிச்சாறின தண்ணிய போத்தல்ல ஊத்திக் குடுப்பேன், பின்னேரம் அது ஒரு மடக்கு கூட குறையாம அப்படியே திரும்பி வரும். இந்த வெயில்ல தண்ணி குடிக்காம என்னடா செய்றன்னு முதல் ரெண்டு கிழமை நல்லா ஏசினேன். பிறகு ஒருநாள் ராத்திரி ஒண்ணுக்குப் போகும்போது எரியுதுன்னு அழுதான். டாக்டர் யூரின் டெஸ்ட் எடுத்துட்டு இன்ஃபெக்‌ஷன்னு சொன்னாரு, சொல்லிட்டு அவனப் பார்த்து, தம்பி ஸ்கூல்ல டொய்லட் போறதில்லையான்னு கேட்டாரு. அவன் என் முகத்தப் பார்த்தான். அப்பதான் எனக்கு விளங்கிச்சு.

டொய்லட் வாசல்ல மூணு பேர் நிப்பாங்களாம். "கொழுந்து, கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டியா, பேர் குடுத்துட்டுப் போடா" ன்னு சொல்லுவாங்களாம். கொழுந்துன்னா தேயிலைக் கொழுந்து, கணக்கப்பிள்ளைன்னா தோட்டத்துல வேலையாட்கள மேற்பார்க்கிறவரு. உள்ள போனா கதவ வெளிய இழுத்துப் பிடிச்சுக்குவாங்க, இல்லாட்டி திறந்து விட்டுடுவாங்க. அதால காலையில ஆறு மணியில இருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிட்டு இருக்கிறதுக்கு என் பிள்ளை கண்டுபிடிச்ச வழிதான் தண்ணி குடிக்காம இருக்கிறது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை தனக்குத்தானே டைம்டேபிள் போட்டு தாகத்தோட வாழப் பழகியிருக்கு, அதே வீட்டுல இருக்கிற நான் அத தெரிஞ்சுக்காம அவனுக்கு ஏசிட்டு இருந்திருக்கேன்.

கொழுந்துன்னு ஏன் பேர் வந்துச்சுன்னும் உங்களுக்குத் தெரியும். நாங்க ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்துத்தான் இங்க தரம் 6க்கு வந்தான். வந்த முதல் கிழமையே வகுப்புல "அங்கிட்டு இருக்கு மிஸ்" ன்னு சொல்லியிருக்கான், வகுப்பே சிரிச்சிருக்கு, மிஸ்ஸும் சிரிச்சாங்களாம். மிஸ்ஸ நான் குறை சொல்லல்ல, சிரிப்பு வந்திருக்கும். ஆனா மிஸ் சிரிச்சதப் பார்த்து மத்தப் பிள்ளைகளுக்கு லைசன் கிடைச்சிருச்சு. எங்க ஆட்கள் இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருஷம்னு 2023 ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்து போனாங்களே, அத டீவியில இவனும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். இப்ப அதே பிள்ளை, கொழுந்து எடுக்கிறது கெட்ட வேலையாம்மான்னு கேட்கிறான்.

நான் செஞ்ச பிழையையும் சொல்லணும். முதல்ல திருப்பி அடிடான்னு சொன்னேன். அது சரிவரல்ல. பிறகு, நீயும் அவங்க மாதிரி "எண்டு" ன்னு பேசிப் பழகிக்கயேண்டான்னு சொன்னேன். பழகிட்டான். இப்ப ஹட்டன்ல இருந்து ஆத்தா கோல் எடுத்தா, பக்கத்துல யாரும் இருந்தா போன வெச்சிடுறான். இதுக்கு நான் யாருக்குக் கடிதம் எழுதுறது?

சரி, நீங்க என்ன செஞ்சீங்க. பகுதித் தலைவர் என் மகனையும் அந்த மூணு பேர்ல ஒருத்தனையும் கூப்பிட்டு கை குலுக்க வெச்சு, இனி நீங்க ஃப்ரெண்ட்ஸ்னு சொல்லி அனுப்பினாரு. அன்னைக்குப் பின்னேரம் வேன்ல "ஃப்ரெண்டு, ஃப்ரெண்டு" ன்னு சொல்லிச் சொல்லியே தலையில கொட்டியிருக்காங்க. ராத்திரி தூக்கம் வராம போன்ல தேடித் தேடி வாசிச்சேன். நோர்வேயில டான் ஒல்வியஸ்னு ஒரு உளவியலாளர் இதையே வருஷக்கணக்கா ஆராஞ்சவரு, புல்லியிங், அதாவது இப்படி வதைக்கிறதுன்னா மூணு விஷயம் இருக்கும்னு சொல்லியிருக்காரு, வேணும்னே செய்றது, திரும்பத் திரும்ப செய்றது, ரெண்டு பக்கத்துக்கும் பலம் சமமா இல்லாதது. மூணாவதுதான் முக்கியம். சமமான ரெண்டு பேர் சண்டை போட்டா கை குலுக்க வைக்கலாம். மூணு பேரும் ஒரு வாசலும் ஒரு பக்கம், அடக்கிட்டு நிக்கிற ஒருத்தன் மறுபக்கம்னா அங்க என்ன சமாதானம்?

இன்னொரு பதிலும் சொன்னீங்க. கல்வி அமைச்சோட 2016 இன் 12 ஆம் இலக்க சுற்றறிக்கைக்குப் பிறகு பிள்ளைகள அடிக்க ஏலாது, எங்க கையக் கட்டிட்டாங்கம்மான்னு. ஐயா, அடிக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லையே. அந்தப் பையனையும் வேன்ல பார்த்திருக்கேன், அவனும் சின்னப் பிள்ளைதான், அவன் வீட்டுல என்ன நடக்குதோ யாருக்குத் தெரியும். அவன விலக்கவும் வேணாம், முட்டிக்கால் போட வைக்கவும் வேணாம். பிரம்பு இல்லாட்டி ஒரு பாடசாலையில ஒண்ணுமே செய்ய ஏலாதுன்னா பிறகு எதுக்கு இத்தனை பேரு?

நான் கேட்கிறது எழுத்து. முறைப்பாடு வந்தா ஒரு புத்தகத்துல திகதி போட்டு எழுதி வைங்க, ஏழு நாளைக்குள்ள என்ன செஞ்சோம்னு பெற்றாருக்கு எழுத்துல சொல்லுங்க. அதுக்குப் பொறுப்பான ஆசிரியர் யாருன்னு பேரை நோட்டிஸ் போர்ட்ல போடுங்க, பிள்ளை யார்கிட்ட போறதுன்னு தேடி அலையாம இருக்கும். புத்தகம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. முடி கூடிப்போச்சுன்னு என் மகன் பேரை எழுதுறதுக்குப் புத்தகம் இருக்கு, வேன் லேட்டானா எழுதுறதுக்கு இன்னொண்ணு இருக்கு. சாதாரண தரப் பரீட்சையில 9ஏ எடுத்த பிள்ளைகளோட படம் போட்ட பதாகை கேட்டுக்கு வெளிய ஒரு பஸ் நீளத்துக்குத் தொங்குது, அதுல ஒரு எழுத்துப் பிழை வந்தா ஒரே நாள்ல மாத்துறீங்க. மூணு தடவ நான் குடுத்த முறைப்பாடு மட்டும் எங்கயுமே பதியப்படல்ல.

குடியியற் கல்விப் பாடத்துல சகவாழ்வு, மோதல் தீர்த்தல் எல்லாம் இருக்கு. போன தவணை என் மகனுக்கு அதுல 88. கதவப் பிடிக்கிறவங்கள்ல ஒருத்தனுக்கு 94. புத்தகத்துல இருக்கிறத நல்லாவே படிச்சிருக்கான்.

பின்லாந்துல துர்க்கு பல்கலைக்கழகம் கிவான்னு ஒரு திட்டம் செஞ்சு 2009 ல நாடு முழுக்கக் கொண்டு போனாங்களாம். அதுல அடிக்கிறவன், அடி வாங்குறவன் மட்டும் இல்ல, பக்கத்துல நின்னு சிரிக்கிற பிள்ளைகளோடதான் கூடுதலா வேலை செய்றாங்க, சிரிக்க ஆள் இல்லாட்டி செய்றவனுக்கும் அலுத்துப் போயிடும்னு. வாசிச்சப்ப எனக்கு அந்த முதல் கிழமை சிரிப்புதான் ஞாபகம் வந்துச்சு. நாம பின்லாந்து ஆக வேணாம், இன்டர்வல் நேரம் ஒரு பெரிய ஆள் டொய்லட் பக்கம் நின்னா போதும், அதுக்கு பட்ஜட் தேவையில்ல.

இதையெல்லாம் இப்ப பொதுவுல எழுதுறதுக்குக் காரணம் போன செவ்வாக்கிழமை. ஆமர் வீதி சந்தியில வேன் முக்கால் மணித்தியாலம் நின்னுச்சு, என் பிள்ளையால அடக்க ஏலல்ல. பெரிய வகுப்புப் பையன் ஒருத்தன் போன்ல வீடியோ எடுத்து வட்ஸ்அப்ல போட்டுட்டான். நீங்க சொன்னீங்க, அது வேன்ல நடந்தது, பாடசாலைக்கு வெளியன்னு. அடக்க வெச்சது எங்க ஐயா, வேன்லயா?

1929 க்கு எடுக்கலாம்னு எனக்குத் தெரியும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர். எடுக்கப் போனப்ப மகன்தான் கையப் பிடிச்சான், அம்மா வேணாம், தெரிஞ்சா இன்னும் கூடிடும்னு. அவன் அப்படிப் பயப்படுற வரைக்கும் விட்டுட்டமேன்னுதான் கோவமா இருக்கு, எழுத்துல கொஞ்சம் கூடிப்போயிருந்தா மன்னிச்சுக்கோங்க. நிறைய நல்ல சேர்மார் மிஸ்மார் இருக்காங்க, அவங்களுக்கே நாப்பத்தஞ்சு பிள்ளைகளோட மூச்சு விட நேரமில்லன்னும் தெரியும். அதாலதான் தயவா கேட்கிறேன், ஒரு ஆசிரியரோட பேர், ஒரு புத்தகம், ஏழு நாளைக்குள்ள ஒரு பதில்.

பதில தமிழ்ல எழுதுங்க. நான் எழுதின ஒரு கந்தோர்ல இருந்து சிங்களத்துல கடிதம் வந்துச்சு, கடையில வேலை செய்ற தம்பிதான் வாசிச்சு சொன்னாரு, உங்கள் கடிதம் கிடைத்ததுன்னு மட்டும்தான் இருந்துச்சாம்.

திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு வேன் வரும். போத்தல நிறைச்சுத்தான் குடுத்து விடுவேன்.

இப்படிக்கு,
தரம் 7 பிள்ளையோட அம்மா,
கொட்டாஞ்சேனை